அச்சு உள்ளே

போன மாதம் பழைய பட்டறையிலிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து போன் வந்தால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் கருமாதி. இது இரண்டும் இல்லை. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்து வரைபடம் போடும் சௌமியா பேசினாள்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல பைப்பு வளைவைப் பிரிக்கப் போட்டேன். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள பிரிச்சுக் குடுத்துருச்சு. ஆனா உள்பக்கம் மேலயா, வெளிப்பக்கம் மேலயான்னு ஒரு கேள்வி கேக்குது. நேரா இருக்கிற பைப்புக்கு எதைக் குடுத்தாலும் ஒண்ணு போலத்தான் வருது. பெறகு எதுக்குக்கா கேக்கணும்?"

"கேக்கட்டும்டி. கேக்க வேண்டிய கேள்விதான்" என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போனில் சொல்லி முடிகிற சங்கதியாகப் படவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போடியில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடங்களுக்கு அடுப்பும் புகைக்குழாயும் செய்து கொடுக்கிற பட்டறை எங்களுடையது. காய் உலர்த்தும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடான புகை தகட்டுக் குழாய் வழியாக அறைக்குள் நுழைந்து, சுற்றி, மறுபக்கம் புகைபோக்கியில் வெளியேறும். குழாயின் சூட்டில்தான் தட்டுகளில் பரப்பிய காய் உலர வேண்டும். புகை மட்டும் காயைத் தொடவே கூடாது. தொட்டால் காயில் புகை நாற்றம் ஏறிவிடும்; ஏலத்துக்கு வரும் வியாபாரி உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார்.

தகடு கடையிலிருந்து தட்டையாக வருகிறது. குழாயோ உருண்டை, அடுப்பு வாயோ சதுரம், புகைபோக்கியின் தொப்பியோ கூம்பு. இந்த உருவங்களை எங்கே கீறித் திறந்தால் எப்படித் தட்டையாக விரியும் என்று முன்கூட்டியே வரைந்து கொடுப்பதுதான் என் வேலை. பாடப் புத்தகத்தில் இதற்கு டெவலப்மெண்ட் என்று பெயர். பட்டறையில் விரிப்பு. அந்த விரிப்பின்படி தகட்டை வெட்டி மடித்தால் உருவம் எழுந்து நிற்கும். "வெறும் தகரக் குழாய்தானே, இதுக்கு ஒரு படமா?" என்று கேட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுத் தையல்காரரிடம் போய், "வெறும் துணிதானே, அளவு எதற்கு?" என்று கேட்டுப் பார்க்கட்டும்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வாத்தியார் ஒருநாள் கடலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, கடலையைத் தான் தின்றுவிட்டு, "இதோட வாயைச் சமமா வெட்டிப் பிரிச்சா என்ன உருவம் வரும்?" என்று கேட்டார். எல்லோரும் முக்கோணம் என்றோம். பிரித்துக் காட்டினார். விசிறி மாதிரி வந்தது. கண்ணுக்கு முக்கோணமாகத் தெரிவது கைக்கு விசிறியாக வருகிறதே என்று அன்று எனக்கு வந்த ஆச்சரியம் ஓய்வு பெறும் நாள் வரை தீரவில்லை. அந்தப் படிப்பில் என் கூடவே வந்தது அதுதான். பாக்கியெல்லாம் தங்கவேல் சாரிடம் கற்றது.

தங்கவேல் சார் எங்கள் வரைபடப் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். சத்தம் போட மாட்டார், பாராட்டவும் மாட்டார். யார் என்ன படம் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எங்க வச்சுத் திறந்த?"

சேர்ந்த புதிதில் ஒரு வளைவுக் குழாயின் விரிப்பை அவரிடம் காட்டினேன். பரீட்சைக்குப் படித்தபடி, மிகக் குட்டையான கோட்டில் திறந்திருந்தேன். அப்படித் திறந்தால் தகட்டின் இரண்டு ஓரமும் சேர்கிற தையலின் நீளம் குறையும். சாமான் மிச்சம், வேலை மிச்சம். சார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு என்னை ராசிங்காபுரம் போகும் பாதையில் இருந்த ஒரு ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். அணைந்து கிடந்த குழாய்க்குக் கீழே என்னை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் என் புடவைத் தலைப்பில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. புகை குளிர்ந்தால் தார் போல ஒரு தண்ணீர் குழாய்க்குள் ஊறும். தையல் அடியில் இருந்தால் அது வழியாகச் சொட்டும்.

"இப்ப சொல்லும்மா. எங்க வச்சுத் திறக்கணும்?"

"மேல சார். தையல் நீளமாப் போனாலும் மேல."

"சரி, வா. பஸ்சு வந்துரும்" என்றார். அவ்வளவுதான். புடவை என்னுடையது, கறையும் என்னுடையது. வீட்டில் அம்மா திட்டிய திட்டும் எனக்குத்தான். ஆனால் அந்தப் பாடம் கறையை விட ஆழமாகப் பதிந்தது.

சாரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு கதை புரியாது. அவர் மேசையடியில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா இருக்கும். அது நிறையப் பழைய கல்யாணப் பத்திரிகை. எந்த விரிப்பானாலும் முதலில் ஒரு பத்திரிகை அட்டையில் சிறிதாக வெட்டி மடித்துப் பார்த்துவிடுவார். என் படத்தை அட்டைமேல் வைத்து மூலைக்கு மூலை குண்டூசியால் குத்துவார். குத்திய புள்ளிகளைச் சேர்த்து பிளேடால் வெட்டுவார். மடித்து, கட்டைவிரலில் தொப்பி போல மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு தரம் வாயில் வைத்து ஊதியும் பார்ப்பார். "அட்டை சரின்னா தகடு சரி" என்பார். அட்டை மடியாத படத்தில் கையெழுத்துப் போட மாட்டார்.

கல்யாணம் முடியாத பத்திரிகையில் பிளேடு படக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். அட்டையை எடுத்ததும், "இந்தக் கல்யாணம் முடிஞ்சிருச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். யாராவது, "போன தையிலயே முடிஞ்சிருச்சு சார், பேரப்பிள்ளையே வந்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் பிளேடை எடுப்பார்.

இரண்டாவது சட்டம், அச்சு உள்ளே. பத்திரிகையில் ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. அச்சடித்த பக்கம் உருவத்துக்கு உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். மாப்பிள்ளை, பெண், தாய்மாமன்மார் பெயரெல்லாம் குழாய்க்குள்ளே. வெளியே வெறும் வெள்ளை. இது விளையாட்டு இல்லை. பக்கவாட்டில் சாய்ந்த உருவத்தின் விரிப்பை ஒரு பக்கமாக மடித்தால் வலது பக்கம் சாயும். மறுபக்கமாக மடித்தால் இடது பக்கம் சாயும், இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி. மலையில் ஜீப்பு போகாத ஸ்டோர்களுக்குத் தகட்டைத் தட்டையாகவே வெட்டிச் சுமந்துகொண்டு போய் அங்கே வைத்துத்தான் மடிப்போம். முழு உருவமாகச் செய்து கொண்டுபோனால் காட்டுப் பாதையில் மரத்துக்கு மரம் இடிபடும். ஆகவே மாதிரி அட்டையும் பிரித்துத் தட்டையாக்கப்பட்டு, தகட்டுடன் மேஸ்திரியின் சட்டைப் பையில் மேலே போகும். அங்கே அதைப் பார்த்து, அச்சு உள்ளே போகும்படி மடித்தால் வேலை முடிந்தது. எத்தனையோ வருடம் இப்படியே ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

இனி ராஜாத்தி விஷயம்.

குரங்கணிக்கு மேலே ஒரு பழைய ஸ்டோரை ராஜாத்தி என்கிற பெண் குத்தகைக்கு எடுத்திருந்தாள். அதற்கு முன் எஸ்டேட்டில் காய் எடுத்தவள்தான். அந்தச் சரிவில் கொஞ்சம் கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் பச்சைக் காயைக் கொண்டுவந்து கொடுத்தால் உலர்த்திக் கொடுப்பது அவள் தொழில். ஏலக்காய் பறித்த கையோடு சூட்டுக்குள் போக வேண்டும். தாமதித்தால் பச்சை நிறம் வெளுத்துவிடும், வெளுத்த காயை யாரும் மதிக்க மாட்டார்கள். வருட உழைப்பை நம்பிக் கொடுக்கிறவர்கள், ஒரு தரம் காய் கெட்டுவிட்டால் மறு தரம் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். அவளுக்கு அது முதல் பருவம். "பொம்பள என்னத்த ஸ்டோர் நடத்தப் போறா" என்று சொன்ன வாய்களும் சுற்றிலும் இருந்தன.

பருவம் உச்சத்தில் இருக்கும்போது அவள் ஸ்டோரில் கழுத்து ஓட்டையாகிவிட்டது. சதுர அடுப்பு வாயையும் உருண்டைக் குழாயையும் சேர்க்கிற துண்டைத்தான் கழுத்து என்போம். புகை அறைக்குள் கசிய ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கிடைத்த ஜீப்பில் ஏறிப் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"சார், வெரசா ஒண்ணு செஞ்சு குடுங்க. நாலு பேரு காய் என்னைய நம்பி வருது. மூட்டைய எறக்கி வச்சிட்டு என் மூஞ்சியப் பாக்குறாங்க."

அவள் கொண்டுவந்த அளவைப் பார்த்தால் கழுத்து நேராக இல்லை. அடுப்புக்குப் பின்னால் பாறை, பக்கத்தில் தூண். அதனால் சதுரத்திலிருந்து வட்டமாக மாறிக்கொண்டே வலது பக்கம் சாய்ந்து ஏற வேண்டும். என் பணிக்காலத்தில் வரைந்த விரிப்புகளில் இதுதான் என்னை அதிகம் படுத்தியது. சதுரத்தின் மூலைகளிலிருந்து வட்டத்துக்குச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டின் மெய்யான நீளத்தையும் தனியாகக் கண்டுபிடித்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அடுக்க வேண்டும். சாய்ந்த உருவத்தில் எந்தக் கோடும் இன்னொன்றைப் போல இருக்காது. சுமக்க வசதியாக இரண்டு பாதியாக வரைந்தேன். ராஜாத்தி சாப்பிடக்கூடப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சார் டப்பாவிலிருந்து ஒரு தடித்த அட்டையை எடுத்து, கல்யாணம் முடிந்ததை உறுதி செய்துகொண்டு, குத்தி வெட்டி மடித்துக் கட்டைவிரலில் மாட்டினார். வலது பக்கம் சாய்ந்து அழகாக நின்றது. கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை காசி அண்ணன் தகட்டுப் பாதிகளைச் சாக்கில் சுற்றிக் கம்பில் கட்ட, நானும் கூடப் போனேன். காசி அண்ணன் எங்கள் தகட்டு மேஸ்திரி. ராசிங்காபுரத்துக்காரர். பேச்சு கம்மி, வெற்றிலை ஜாஸ்தி. குரங்கணி தாண்டி ஜீப்பு நின்ற இடத்திலிருந்து ராஜாத்தி கம்பின் ஒரு முனையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

ஸ்டோர் வாசலில் சாக்கு விரித்துப் பச்சைக் காயைப் பரப்பியிருந்தார்கள். சுற்றி ஏழெட்டுப் பேர். ராஜாத்தியோடு நான் உள்ளே போய்க் குழாய்த் துவாரத்தை அளந்து திரும்புவதற்குள், காசி அண்ணன் அட்டையைப் பார்த்து ஒரு பாதியை வளைத்து முடித்திருந்தார். அடுப்பு வாயில் வைத்துப் பார்த்தோம். அது இடது பக்கம் சாய்ந்து தூணில் போய் முட்டியது.

காசி அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"என்னக்கா, ரெண்டு பேரும் பேசாம நிக்கிறீங்க?" என்றாள் ராஜாத்தி.

வாசலில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "ஆத்தா, கோவிச்சுக்காத. நான் எங்காயக் கட்டி வேற ஸ்டோருக்குக் கொண்டு போயிர்றேன். வெளுத்துப் போச்சுன்னா எனக்கு வேற வழியில்ல."

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே. வெயில் சாயறதுக்குள்ள அடுப்பு எரியும். எரியலைன்னா நானே தூக்கியாந்து விடுறேன்" என்றாள். குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் கை முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஒருவர் எழுந்து போனால் பின்னாலேயே எல்லோரும் போவார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அங்கே போனில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏற வேண்டும். மாதிரி அட்டையையும் எடுத்துக்கொண்டு ஏறிச் சாரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அட்டை கையில இருக்கா?"

"இருக்கு சார்."

"ரெண்டு பக்கமும் பாரும்மா."

பார்த்தேன். ஒரு பக்கம் தமிழ். மறுபக்கம் மலையாளம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்த யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம். இரண்டு வீட்டுச் சொந்தங்களும் படிக்கட்டும் என்று இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தார்கள். சார் தமிழை உள்ளே வைத்து மடித்திருந்தார். காசி அண்ணன் பையிலிருந்து எடுத்தபோது பொன் எழுத்தில் மலையாளம் மேலே இருந்திருக்கிறது. அச்சு கண்ணில் பட்டது. உள்ளே போகும்படி மடித்துவிட்டார். ஒரு பக்கம் அச்சு என்றால் மறுபக்கம் வெறுமை என்று எங்கள் கைக்கு அவ்வளவு பழக்கம். புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"மடிக்கிறப்ப வெளியில எழுத்து இருந்ததப் பாத்தேன்மா" என்றார் சார். "மலையாளந்தான, காசி தமிழத்தான் பாப்பான்னு நெனச்சு விட்டுட்டேன். வேற அட்டை எடுத்திருக்கணும். என் தப்பு." பிறகு அதே குரலில், "இப்ப மறுபக்கமா மடிச்சுப் பாரு" என்றார்.

மடித்தேன். வலது பக்கம் சாய்ந்தது.

"தட்டையா இருக்கறதுக்கு எடதும் கெடையாது, வலதும் கெடையாது. தகடு ஒண்ணும் கெட்டுப் போகல. வளைக்காத பாதியப் புரட்டிப் போட்டு வளைக்கச் சொல்லு. வளைச்ச பாதிய ஈரச் சாக்கு மேல வச்சு மரச் சுத்தியால மெதுவாப் பிரிக்கணும். அவசரப்பட்டா மடிப்புல வெடிச்சிரும்." பிறகு சொன்னார்: "காசியக் கூப்பிடு. நானே சொல்றேன்."

"நான் சொல்லிர்றேன் சார்."

"இல்லம்மா. அவன் தன் கைதான் தப்புப் பண்ணுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பான். கூப்பிடு."

காசி அண்ணன் பாறைமேல் ஏறினார். சார் என்ன சொன்னாரோ, "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இறங்கும்போது தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆத்தாவயும் கூப்பிடச் சொன்னாரு" என்றார். ராஜாத்தியும் ஏறினாள். பட்டறை வாசலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர், அவளிடம் என்ன சொன்னார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் இறங்கி நேராகக் காய்க்காரர்களிடம் போய், "தப்பு எங்க நடந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. அண்ணே, மூட்டைய அவுருங்க" என்றாள். பெரியவர் அவிழ்க்கவில்லை, ஆனால் கட்டிய மூட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டார்.

வளைத்த பாதியைப் பிரித்தது ஒரு தனிப் பாடு. சாக்கை நனைத்துப் பாறையில் விரித்து, நானும் ராஜாத்தியும் இரண்டு பக்கமும் கையால் அழுத்திப் பிடிக்க, காசி அண்ணன் குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போலத் தட்டினார். ஒரு மூலை மட்டும் மடிப்பில் வெடித்துவிட்டது. அதற்கு மேல் ஒரு தகட்டுத் துண்டு வைத்து ரிவெட் அடித்தார். இரண்டு பாதியையும் சரியான பக்கமாக வளைத்துச் சேர்த்து அடுப்பு வாயில் பொருத்தியதும், ராஜாத்தி புற்றுமண்ணைக் குழைத்துக் கொண்டுவந்து விளிம்பு முழுவதும் தானே பூசினாள். தையல் மேல்பக்கம்தானா என்று நான் இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.

அடுப்பு எரிந்தபோது மலைமேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. ராஜாத்தி தட்டுகள் இல்லாத வெற்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே நின்று மோந்து பார்க்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். கதவைத் திறந்து தலையை நீட்டி, "காயக் கொண்டாங்க" என்றாள். பெரியவர்தான் முதலில் எழுந்தார்.

அந்த முறை உலர்ந்த காயில் ஒரு பிடி அடுத்த வாரம் பட்டறைக்கு வந்தது. நல்ல பச்சை. சார் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "சோலியப் பாருங்க" என்றார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரி அட்டையிலும் தன் கையால் "உள்" என்று எழுத ஆரம்பித்தார். சௌமியா, உன் கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விக்கு அவர் எழுதிய பதில் அது. நேரான குழாய்க்கு அந்தப் பதில் தேவைப்படாது. சாய்ந்து போகிறதற்குத் தேவைப்படும். ஆகவே கேட்கும்போதெல்லாம் யோசித்துச் சொல்.

அப்புறம் சில வருடம் கழித்து ஒருநாள் ராஜாத்தி பட்டறைக்கு வந்தாள். ஸ்டோர் நன்றாக நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெரியவர் இன்னும் அவளிடம்தான் காய் கொடுக்கிறார் என்றாள். அவள் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. நாங்களும் போய்வந்தோம். மாப்பிள்ளை கேரளத்து மறையூர்ப் பக்கம். இப்போது அவள் கையில் ஒரு துணிப் பை இருந்தது. அதிலிருந்து ஒரு கட்டு எடுத்துச் சார் மேசையில் வைத்தாள். மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகை. நல்ல தடித்த அட்டை.

சார் ஒன்றை எடுத்தார். இந்தப் பக்கம் மேல் பாதி தமிழ், கீழ்ப் பாதி மலையாளம். நெருக்கி நெருக்கி, இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் ஒரே பக்கத்தில் அடைந்து கிடந்தன. புரட்டினார். மறுபக்கம் வெறும் வெள்ளை.

"அச்சாபீஸ்காரர் ரெண்டு பக்கமாப் போட்டா அழகா இருக்கும்னு எவ்வளவோ சொன்னாரு சார்" என்றாள் ராஜாத்தி. "நாந்தான் ஒத்துக்கல. அன்னைக்குப் பாறைமேல வச்சு, 'என் தப்பு ஆத்தா, உன் பேரு கெடக் கூடாது'ன்னு சொன்னீங்கள்ல. அத நான் மறக்கல. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சு சார். இனி வெட்டலாம்."

யார் வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசும் சார் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் போட்டார்.